வால்நட்சத்திரத்துக்கு யார் பெயர்?

ஒரு வால்நட்சத்திரத்தை முதலில் கண்டவரின் பெயரே அதற்குச் சூட்டப்படும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறோம். பொதுவழக்கம் அப்படித்தான். ஆனால் மிகவும் பேர்போன இரண்டு வால்நட்சத்திரங்களுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. எட்மண்ட் ஹாலி தன் பெயரைத் தாங்கிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்துபோனது ஒன்றே என்றும், 1758இல் அது திரும்பி வரும் என்றும் கணக்குப் போட்டு எழுதியவர்.

இன்னொன்று என்கே. 1786இல் பிரான்சில் பியர் மெஷான் அதைப் பார்த்தார். 1795இல் இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷெல் பார்த்தார். 1805இலும் 1818இலும் பிரான்சின் மார்செய் நகரில் ழான் லூயி போன்ஸ் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது புதிய விருந்தாளி என்றே எண்ணப்பட்டது. 1819இல் யோஹான் ஃபிரான்ஸ் என்கே என்ற ஜெர்மானியர் இந்த நான்கு வருகைகளையும் ஒரே நூலில் கோத்தார். வந்தது ஒரே வால்நட்சத்திரம்தான், சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்குச் சுமார் 3.3 ஆண்டுதான் ஆகிறது, 1822இல் மறுபடி வரும் என்றார். ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் கார்ல் ரூம்கர் அதை 1822இல் பார்த்தார். அன்றிலிருந்து அது என்கேயின் வால்நட்சத்திரம். என்கே அதைத் தொலைநோக்கியில் தேடிப்பிடித்தவர் அல்லர். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்.

இதில் எனக்குப் புகார் இல்லை. கணக்குப் போடுவது வேலை. பெயர் பெறத் தகுந்த வேலை. என் புகார் வேறு. கண்டுபிடித்தவருக்கும் பெயர் உண்டு, கணித்தவருக்கும் பெயர் உண்டு என்றால், இந்த இரண்டையும் செய்த பெண்களின் வேலைக்கு மட்டும் ஏன் 'உதவி' என்று பெயர்? அண்ணனுக்கு உதவிய தங்கை, தந்தைக்கு உதவிய மகள், கணவருக்குத் துணைநின்ற மனைவி. வானியல் வரலாற்றைத் தமிழில் எழுதும்போதும் இதே மூன்று வாக்கியங்களைத்தான் திருப்பித் திருப்பி எழுதுகிறோம். தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் இந்த ஒரு சொல்லின் மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வால்நட்சத்திர ஆய்வை இங்கே நான் எடுத்துக்கொள்வது அதற்காகத்தான்.

*

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம்.

ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று வெவ்வேறு இரவுகளில் அது வானத்தில் நின்ற இடம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். நாம் நிற்கும் பூமியும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் தெரியாது. ஓடும் ரயிலில் உட்கார்ந்து, தூரத்தில் ஓடும் இன்னொரு ரயிலின் தடத்தை மூன்றே பார்வையில் வரைவது போன்ற வேலை. 1797இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஓல்பர்ஸ் இதற்கு ஓர் எளிய வழியை வெளியிட்டார். நூறாண்டுக்கும் மேலாக வானியலாளர்கள் அதைக் கையாண்டார்கள். எளிய வழி என்பது அவர்கள் கணக்கில் எளியது. மடக்கை அட்டவணையைப் புரட்டி, பக்கம் பக்கமாகக் கூட்டிக் கழித்து, ஒரு இலக்கம் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை அது. வியாழன், சனி போன்ற பெரிய கோள்கள் வழியில் அதை எவ்வளவு இழுக்கின்றன என்பதையும் சேர்த்தால் வாரங்கள் மாதங்களாகும்.

இந்த வேலையைச் செய்தவருக்கு ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். அப்போது அது இயந்திரத்தின் பெயராக இருக்கவில்லை, ஆளின் பெயராக இருந்தது. கணிப்பாளர் என்று நாம் சொல்லலாம். அந்த ஆட்களில் பெண்கள் இருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஒரு முன்கதை உண்டு. ஹாலி சொன்ன வால்நட்சத்திரம் எந்த மாதத்தில் வரும் என்று சரியாகச் சொல்லவேண்டிய நெருக்கடி 1757இல் வந்தது. பாரிசில் மூன்று பேர் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். அலெக்சி கிளேரோ, ஜெரோம் லலாந்த், நிக்கோல்-ரேன் லெபோட். லெபோட், அரண்மனைக் கடிகாரம் செய்பவரின் மனைவி. 150 ஆண்டுக் காலத்துக்கு வியாழனும் சனியும் அந்த வால்நட்சத்திரத்தை எப்படி இழுத்திருக்கும் என்று கணிக்க வேண்டும். மாதக்கணக்கில் காலை முதல் இரவு வரை, சில நாள் சாப்பாட்டு மேசையிலும் கூட, கணக்குப் போட்டதாக லலாந்த் எழுதியிருக்கிறார். முந்தைய சுற்றைவிட 618 நாள் தாமதம். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, சூரியனுக்கு மிக அருகில் வரும் என்று முடிவு சொன்னார்கள். மார்ச் 13 அன்று வந்தது. இயற்கை ஒரு சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு வந்து நின்ற மாபெரும் தருணம் அது.

1760இல் கிளேரோ வெளியிட்ட நூலில் லெபோட்டுக்கு உரிய நன்றி இல்லை. லெபோட் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கவே துணிந்திருக்க மாட்டோம் என்று பின்னாளில் எழுதியவர் லலாந்த்தான். அந்த நீக்கலுக்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். லெபோட்டின் மீது பொறாமை கொண்ட வேறொரு பெண்ணின் மனம் கோணாதிருக்கக் கிளேரோ அதை விட்டுவிட்டாராம். பேனாவைப் பிடித்திருந்தவர் கிளேரோ. நூல் அவருடையது. ஆனால் அழித்த பழியும் கடைசியில் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. நம் வீடுகளில் மாமியார் மருமகள் கதையாக எல்லாவற்றையும் சுருக்கி ஆண்கள் திண்ணைக்குப் போய்விடுவதை இது நினைவூட்டவில்லையா?

*

இப்போது கரோலின் ஹெர்ஷெல். 1750இல் ஹனோவரில் பிறந்தவர். பத்து வயதில் வந்த டைஃபஸ் காய்ச்சல் அவர் வளர்ச்சியை நிறுத்தியது. நாலேகால் அடிக்கு மேல் வளரவில்லை. திருமணச் சந்தையில் விலைபோகாத பெண், வீட்டு வேலைக்கு ஆகட்டும் என்று தாய் நினைத்தார். 22 வயதில் அண்ணன் வில்லியம் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பாடகியாகப் பயிற்சி பெற்று மேடையும் ஏறியவர். அண்ணன் இசையை விட்டு வானத்துக்குப் போனபோது இவரும் போக வேண்டியதாயிற்று. அது அவர் எடுத்த முடிவன்று.

வில்லியம் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல இரவு முழுக்க எழுதிக்கொள்வார். பகலில் அதைச் சீராக்கிக் கணக்கிடுவார். 1787இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் ஒதுக்கினார். அண்ணனுக்கு 200. தன் விருப்பப்படி செலவழிக்கலாம் என்று தோன்றிய முதல் பணம் அதுதான் என்று கரோலின் பிற்பாடு எழுதினார். அந்தச் சம்பளத்துக்கான பதவியின் பெயர் அண்ணனின் உதவியாளர்.

ஆனால் அவருடைய எட்டு வால்நட்சத்திரங்கள் எப்போது கிடைத்தன என்று பார்த்தால் இந்தச் சொல் கிழிந்துபோகும். அண்ணன் வீட்டில் இருந்து வானத்தைத் துழாவும் இரவுகளில் கரோலினுக்குச் சொந்தமாகத் தேட நேரம் இல்லை. வால்நட்சத்திரம் தேடுவதெல்லாம் அவர் ஊரில் இல்லாதபோது, அல்லது இவர் கை தேவைப்படாதபோது. முதல் வால்நட்சத்திரத்தை 1786 ஆகஸ்ட் 1 அன்று கண்டபோது வில்லியம் ஜெர்மனிக்குப் போயிருந்தார். மற்ற ஏழும் 1788 டிசம்பர் முதல் 1797 வரையிலானவை. அதாவது வில்லியம் திருமணம் செய்துகொண்ட பிறகு. அந்த வீட்டின் நிர்வாகம் அண்ணியிடம் போக, இவர் வாடகை அறைக்குப் போன காலம். உதவி நின்ற இடைவெளிகளில்தான் கண்டுபிடிப்பு நடந்திருக்கிறது. 'உதவியதால் கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்த்ததில்லை.

1786இல் ராயல் சொசைட்டியின் செயலாளருக்கு அவர் எழுதிய கடிதத்தில், அண்ணனோடு அவருக்குள்ள நட்பை நம்பி, அண்ணன் இல்லாத நேரத்தில் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி இருக்கிறது. வானத்தில் புதியதொன்றைக் கண்ட பெண் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. பதினோரு ஆண்டு கழித்து, 1797 ஆகஸ்டில், கடைசி வால்நட்சத்திரத்தைக் கண்டபோது அவர் தபாலை நம்பவில்லை. கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, குதிரை ஏறி, ஏறத்தாழ 30 மைல் கடந்து கிரீன்விச் வானாய்வகத்துக்கே போய்ச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 47. அந்த இரண்டு செய்கைகளுக்கும் இடையில் ஒரு பெண் தன்னைத் தானே எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறாள் என்பதை எந்த வானியல் நூலும் அளந்து எழுதவில்லை.

*

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். வரட்டும். "கரோலினே தன்னை ஒன்றுமில்லை என்றுதானே சொல்லிக்கொண்டார்? தான் அண்ணன் தன் தேவைக்கு வடித்துக்கொண்ட கருவி மட்டுமே என்று எழுதியவர் ஆயிற்றே? அவரே கேட்காத பெயரை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?"

இதற்கு விடை என்கேயிடம் இருக்கிறது. என்கே கடைசிவரை அந்த வால்நட்சத்திரத்தைத் தன் பெயரால் அழைக்கவில்லை. போன்ஸின் வால்நட்சத்திரம் என்றே எழுதினார். உலகம் கேட்டதா? இல்லை. "எவ்வளவு பெருந்தன்மை!" என்று வியந்துவிட்டு, அவர் மறுத்த பெயரையே வைத்தது. இன்றும் அது என்கேதான்.

ஆணின் அடக்கத்தை உலகம் ஒரு குணமாக எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டிப் போய் அவனுக்கு மாலை போடுகிறது. பெண்ணின் அடக்கத்தையோ ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறது. அதை வைத்தே தீர்ப்பு எழுதுகிறது. இரண்டு பேரும் ஒரே வால்நட்சத்திரத்தோடு தொடர்புடையவர்கள். இரண்டு பேரும் 'நான் இல்லை' என்றார்கள். ஒருவருடைய 'நான் இல்லை' மட்டும் அப்படியே நம்பப்பட்டது.

மேலும், அடக்கமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து பழக்கிவிட்டு, எழுபது வயதில் 'அவளே அடக்கமாகத்தானே இருந்தாள்' என்பது நியாயமான சாட்சியம் ஆகாது. தன் நாட்குறிப்புகளில், அண்ணனின் திருமணத்துக்குப் பிந்தைய சுமார் பத்தாண்டுப் பக்கங்களைக் கரோலின் அழித்துவிட்டார். வால்நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அதே பத்தாண்டு. அந்தப் பக்கங்களில் அடக்கம் மட்டும்தான் இருந்ததென்றால் அழிக்க வேண்டிய தேவை என்ன?

1828இல் லண்டன் ராயல் அஸ்ட்ரோனாமிக்கல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அதே பதக்கத்தை அடுத்துப் பெற்ற பெண் வேரா ரூபின். ஆண்டு 1996. நடுவில் 168 ஆண்டுகள். கரோலின் 1788இல் கண்ட ஒரு வால்நட்சத்திரம் ஏறத்தாழ 150 ஆண்டு சுற்றிவிட்டு 1939இல் திரும்பி வந்துவிட்டது. பதக்கம் இன்னொரு பெண்ணிடம் வருவதற்கு அதைவிட அதிக காலம் ஆகியிருக்கிறது.

*

வால்நட்சத்திரம் தேட மூன்று வேண்டும்: இருட்டு, திறந்த வானம், யாரும் கூப்பிடாத நேரம். மூன்றாவதுதான் பெண்களுக்குக் கிடைக்காதது.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில், 1847 அக்டோபர் 1 இரவு, மரியா மிட்செலின் வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். அவருக்கு வயது 29. தந்தை வேலைபார்த்த வங்கிக் கட்டிடத்திலேயே குடியிருப்பு; அதன் கூரையில் தொலைநோக்கி. விருந்தை விட்டு மெல்ல நழுவி மேலே போனார். வட துருவ நட்சத்திரத்துக்குச் சற்று மேலே, நேற்றுவரை இல்லாத ஒரு மங்கிய புள்ளி. கீழே வந்து தந்தையிடம் சொன்னார். உடனே அறிவிக்கவேண்டும் என்று தந்தை சொல்ல, மகள் தயங்கினார். கடைசியில் ஹார்வர்டுக்குக் கடிதம் எழுதியவர் தந்தைதான்.

தொலைநோக்கியால் புதிய வால்நட்சத்திரம் காண்பவருக்கு டென்மார்க் அரசர் தங்கப் பதக்கம் அறிவித்திருந்தார். அக்டோபர் 3 அன்று ரோமில் பிரான்செஸ்கோ தெ வீகோ அதே வால்நட்சத்திரத்தைப் பார்த்து அறிவித்துவிட்டார். மிட்செலின் கடிதம் விதி சொன்ன முகவரிக்கு, விதி சொன்ன தபாலில் போகவில்லை. ஹார்வர்டின் தலைவர் எட்வர்ட் எவரெட் வாதாடி எழுதிய பிறகே, 1848இல், பதக்கம் மிட்செலுக்கு வந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் சான்றிதழில் அச்சடித்திருந்த உறுப்பினர் பட்டத்தை அடித்துவிட்டுக் 'கௌரவ உறுப்பினர்' என்று கையால் எழுதிக் கொடுத்தது. கௌரவம் என்ற சொல்லுக்கு 'உள்ளே வராதே' என்றும் பொருள் உண்டென்பதைப் பெண்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

அதே வால்நட்சத்திரத்தை அந்த அக்டோபர் 11ஆம் தேதி ஹாம்பர்க் நகரில் தானாகவே கண்ட இன்னொரு பெண் இருந்தார். மேரி ஆன் ரூம்கர். என்கேயின் கணக்கை மெய்ப்பித்து 1822இல் அந்த வால்நட்சத்திரத்தைப் பார்த்த கார்ல் ரூம்கரின் மனைவி. கணவர் கண்டது வானியல் வரலாற்றின் பத்தியில் இருக்கிறது. மனைவி கண்டது, பெரும்பாலும் 'திருமதி ரூம்கர்' என்ற பெயரில், அடிக்குறிப்பில் இருக்கிறது.

பின்னாளில் வாசர் பெண்கள் கல்லூரியில் மிட்செல் பேராசிரியரானார். மாணவிகளை இரவில் வானாய்வகத்துக்கு வரவழைத்துப் பாடம் நடத்தினார். தன்னைவிட இளைய ஆண் பேராசிரியர்கள் தன்னைவிட அதிகச் சம்பளம் வாங்குவதை அறிந்து சண்டை போட்டுச் சம்பளத்தை உயர்த்தினார். வானியல் வகுப்பை இரவில்தான் நடத்தமுடியும் என்பது எவ்வளவு எளிய உண்மை! நம் ஊரின் பல மகளிர் விடுதிகளில் வாசல் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது இதைப் படிக்கும் மாணவிகளுக்குத் தெரியும். 'பெண்களுக்கு வானியலில் ஆர்வம் குறைவு' என்று யாராவது சொன்னால், முதலில் அந்தச் சாவியைப் பற்றிக் கேளுங்கள்.

நம் பழைய நூல்களில் வால்நட்சத்திரம் தூமம், தூமகேது. புகைக்கொடி. அது தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்ற நம்பிக்கை புறநானூற்றிலேயே இருக்கிறது. அப்படித் தோன்றினாலும் வளம் குன்றாத நாடு பாரியின் நாடு என்று கபிலர் பாடுகிறார். வால்நட்சத்திரம் வந்தால் அரசனுக்கு ஆகாது, கைம்பெண் எதிரே வந்தால் பயணத்துக்கு ஆகாது. இரண்டையும் ஒரே நாவுதான் சொல்லிவந்தது. வரும் நாளை முன்கூட்டிச் சொல்லும் கணக்கு வந்ததும் வால்நட்சத்திரத்தின் மீதிருந்த பழி படிப்படியாக விலகியது. அந்தக் கணக்கைப் போட்டவர்களில் பெண்களும் உண்டு. ஆனால் பெண்ணின் மீதிருந்த பழியை எந்தக் கணக்கும் விலக்கவில்லை.

*

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில், அமெரிக்காவில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். இதில் ஒரு பகுதி நுங்கம்பாக்கத்தில் நடந்தது.

மழைக்காலத்தில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர்' என்று செய்தியில் கேட்கிறோமே, அந்த நுங்கம்பாக்கம் வானிலை மையம் இருக்கும் இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய சென்னை வானாய்வகம் இருந்தது. 1861 முதல் அதன் தலைவர் நார்மன் ராபர்ட் போக்சன்.

அந்நாளில் வானியலாளர்களைத் தவிக்கவைத்தது பீலாவின் வால்நட்சத்திரம். 1826இல் வில்ஹெல்ம் ஃபான் பீலா கண்டது, சுமார் 6.6 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 1846இல் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரண்டு துண்டாக வந்துபோனது. பிறகு காணவில்லை. 1872 நவம்பர் 27 அன்று அது இருக்கவேண்டிய பாதையைப் பூமி கடந்தபோது எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. கோட்டிங்கனிலிருந்து எர்ன்ஸ்ட் கிளிங்கர்ஃபியூஸ் சென்னைக்குத் தந்தி அடித்தார்: பீலா பூமியைத் தொட்டுவிட்டுப் போகிறது, தெற்கு வானில் தேடுங்கள். போக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் மங்கலான ஒன்றைக் கண்டார். பிறகு மேகம் மூடிவிட்டது. பாதை கணிக்க மூன்று நாள் வேண்டும்; கிடைத்தது இரண்டு. அது பீலாதானா என்ற ஐயம் தீரவே இல்லை.

அடுத்த ஆண்டு, 1873இல், அந்த வானாய்வகத்தில் கணிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர் போக்சனின் மகள் ஐசிஸ். அப்போது வயது 20 அல்லது 21. அங்கே 25 ஆண்டு வேலை செய்தார். 1881 முதல் சென்னை மாகாண அரசின் வானிலைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1886இல் ராயல் அஸ்ட்ரோனாமிக்கல் சொசைட்டியின் உறுப்பினராகத் தந்தை அவர் பெயரை முன்மொழிந்தார். வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டார்கள். சங்கத்தின் 1831ஆம் ஆண்டு அரச சாசனம் உறுப்பினரை 'ஹீ' என்ற ஆண்பால் பெயரால் மட்டுமே குறிக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று விடை வந்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்தது 1916இல். ஐசிஸ் சேர்ந்தது 1920இல், வேலையை விட்டு 22 ஆண்டுக்குப் பிறகு.

இரண்டு விடியற்காலையில் கண்ட, இன்னதென்று உறுதிப்படாத ஒரு மங்கலுக்கு வால்நட்சத்திர வரலாற்றில் நிலையான இடம் இருக்கிறது. 25 ஆண்டுக் கணக்கு வேலைக்கு ஒரு மாற்றுப்பெயர்ச் சொல் வாசலை அடைத்தது. இலக்கணம் படிக்கும் மாணவிகள் இதைக் கவனிக்க வேண்டும். பால் காட்டும் விகுதி ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அதை வைத்துக் கதவடைக்க முடியும். தமிழில் 'அவர்' என்ற பொதுச்சொல் இருப்பதால் நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 'வானியலாளர் அவர்' என்று எழுதினால் படிப்பவரின் மனத்தில் வந்து நிற்பது யார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐசிஸ் ஆளும் இனத்துப் பெண். அதே வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டறிந்தவர், 1872இலேயே அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஆகிவிட்டார். உரிய பெருமை அது; அடிமைநாட்டு மனிதராக அவர் தாண்டிய தடைகள் சிறியவை அல்ல. ஆனால் வாசல் எந்த வரிசையில் திறந்தது என்று பாருங்கள். வெள்ளை ஆண், பிறகு கல்வி வாய்ப்பை முன்பே பெற்றிருந்த சாதியின் ஆண், பிறகு வெள்ளைப் பெண். அந்த மேகமூட்டத்துக்குக் கீழே இதே சென்னையில் இருந்த தமிழ்ப் பெண்கள் இந்த வரிசையிலேயே இல்லை. அவர்களுக்கு விண்ணப்பம் மறுக்கப்படவில்லை. விண்ணப்பம் என்ற ஒன்று அவர்கள் கைக்கு எட்டவில்லை. வானாய்வகத்தைப் பெருக்கித் துடைத்தவர்களின் பெயரை எந்த ஆண்டறிக்கையில் தேடுவது? பெண்ணிய வரலாறு எழுதுகிறோம் என்று ஹெர்ஷெலையும் மிட்செலையும் மட்டும் எழுதி நிறுத்தினால் நாமும் ஒரு சாசனத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்போம்.

*

ஆண்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்பது என் வழக்கு இல்லை. லலாந்த் லெபோட்டைப் பற்றி எழுதினார். எவரெட் மிட்செலுக்காக வாதாடினார். போக்சன் மகளை முன்மொழிந்தார். நல்லது. ஆனால் பெண் செய்த வேலை வேலையாகக் கணக்கில் ஏற, ஒவ்வொரு முறையும் ஓர் ஆணின் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது. என்கேயின் கணக்கு சரியா என்று பார்க்க வானத்தைப் பார்த்தார்கள். மிட்செல் கண்டதை ஏற்க எவரெட்டின் கையெழுத்தையும் பார்த்தார்கள்.

இந்த நோய் வானியலோடு நிற்கவில்லை. தமிழாய்வுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். மெய்ப்புத் திருத்திய துணைவிக்கு, சொல்லடைவு தயாரித்த மாணவிக்கு, தட்டச்சு செய்த தங்கைக்கு நன்றி. பாட வேறுபாடு ஒப்பிடுவதும் சொல்லடைவு ஆக்குவதும் ஆய்வு இல்லையென்றால் பின் எதுதான் ஆய்வு? ஆயிரம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வரிசைப்படுத்தும் பெண், மடக்கை அட்டவணையோடு உட்கார்ந்திருந்த லெபோட்டின் வேலையைத்தான் செய்கிறாள். அவளுக்கும் 'உதவி' என்ற சொல்தான் கிடைக்கிறது.

ஆகவே கோரிக்கை சிறியது. 'உதவினார்' என்று எழுதப் பேனா எடுக்கும்போதெல்லாம் நிறுத்தி, என்ன செய்தார் என்று எழுதுங்கள். 'கணித்தார்.' 'பதிவு செய்தார்.' 'ஒப்பிட்டார்.' 'கண்டுபிடித்தார்.' தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. உங்கள் வேலைக்கு யாராவது நன்றியுரையில் இடம் தந்தால், அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் ஏன் தரவில்லை என்று கேளுங்கள். அடக்கமாகக் கேட்க வேண்டியதில்லை. அடக்கம் நமக்கு எதிரான சாட்சியமாகத்தான் இதுவரை பயன்பட்டிருக்கிறது.

கரோலின் 1788இல் கண்டு, 1939இல் ரோஜர் ரிகொலே மீண்டும் கண்ட அந்த வால்நட்சத்திரத்துக்கு ஹெர்ஷெல்–ரிகொலே என்று பெயர். அதிலுள்ள ஹெர்ஷெல், தங்கை. பெயரைப் பார்த்ததும் பலர் அண்ணன் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 2092இல் அது மறுபடி வரும். நாம் இருக்கமாட்டோம். ஆனால் அன்று தமிழில் செய்தி எழுதப்போகும் பெண் படிக்கும் புத்தகங்களை இன்று எழுதுகிறவர்கள் நாம்தான். அவற்றில் 'வில்லியம் ஹெர்ஷெலுக்கு உதவிய கரோலின்' என்ற வாக்கியம் இருக்கக்கூடாது.